மூன்று விரல் அகலப் பொட்டலம்

கொத்தமல்லியும் சுக்கும் வறுத்து இடித்த தூளை, ஒரு தடவைக்கு ஒரு பொட்டலமாக மடித்து, பன்னிரண்டு பொட்டலங்களை ஒரே சரமாக்கி, வேண்டியபோது ஒன்றை மட்டும் கிழித்து எடுக்கிற மாதிரி விற்கலாம் என்று முதலில் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், நானும் என் கூட்டாளியும்தான் என்று கூசாமல் சொல்வேன். எங்களுக்கு முன்பே வேறு ஊரில் வேறு யாராவது செய்திருக்கலாம். அது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்தக் குஞ்சைப் பொரிக்க நான் பட்ட பாடும், என் அப்பா கொடுத்த விலையும் எனக்குத்தான் தெரியும்.

அப்போது நான் பதினான்கு வயதுப் பெண்பிள்ளை. எழுபதுகளின் தொடக்கம். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு வீடுகள் கொண்டது எங்கள் லயம். அம்மா மலையில் கொழுந்து எடுத்தார். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். பலகைப் பெட்டிக்குள், ஈயத்தாள் என்று நாங்கள் சொல்கிற அலுமினியத் தாளை விரித்து, தூளைக் கொட்டி, பெட்டியை மெஷினில் வைத்துக் குலுக்கி, அமுங்கிய இடத்தை மறுபடி நிரப்பி, தாளை மடித்து மூடியை அறைவது அவர் வேலை. வருடம் முழுக்க மழையிலும் வெயிலிலும் நிற்பவர்களுக்கு நடுவில் கூரைக்குக் கீழே வேலை கிடைப்பது லேசு இல்லை. அப்பா தலையைப் படிய வாரிக்கொண்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டுதான் ஸ்டோருக்குப் போவார். 'ஆபீசுக்குப் போறாரு' என்று லயத்தில் கேலி செய்வார்கள். அந்தக் கேலி அவருக்கு உள்ளுக்குள் பிடிக்கும்.

எதற்கெடுத்தாலும் தட்டுப்பாடான காலம் அது. ரொட்டிப் பாணுக்கு வரிசை, துணிக்கு வரிசை. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோய், கடைகளில் தகர டின்னும் இல்லை, பொலித்தீன் பையும் இல்லை. எதை வாங்கினாலும் பழைய பேப்பர்ச் சுருளில்தான் கட்டித் தருவார்கள். பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு தொழிற்பாடம் வந்திருந்தது. அந்தப் பாடத்துக்கு வந்த டீச்சர் ஒரு நாள், உள்ளூரில் விற்கிற ஒரு சாமானை எடுத்து அதற்கு நாங்களே ஒரு பொதி செய்து காட்ட வேண்டும் என்றார்.

"உள்ள இருக்கிறது கெட்டுப்போகக் கூடாது. பாத்தா வாங்கத் தோணணும். நம்ம ஊர்ல கிடைக்கிறத வச்சே செய்யணும். நல்லா வந்தத பதுளைக் கண்காட்சிக்குக் கொண்டுபோவோம்" என்று சொல்லி, எங்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்துவிட்டார்.

எனக்கு வாய்த்த ஜோடி பசறை டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகள். அவளுடைய உம்மா வீட்டிலேயே கொத்தமல்லியும் சுக்கும் வறுத்து இடித்துக் கொடுப்பார். வாப்பா அதைக் கடையில் விற்பார். சளி, தடிமன், காய்ச்சல் என்றால் எங்கள் பக்கத்தில் முதல் மருந்து அந்தத் தூள்தான். அவள் அமைதியானவள், நான் அதற்கு நேர்மாறு. 'நீ பேசு, நான் செய்றேன்' என்று முதல் நாளே ஒப்பந்தம் போட்டுவிட்டாள்.

மற்ற பிள்ளைகள் எல்லாம் அழகின் பின்னால் போனார்கள். கருப்பட்டிக்குப் பூப்போட்ட பெட்டி, முறுக்குக்கு ரிப்பன் கட்டிய கூடை. என் கூட்டாளியும் அப்படி ஒரு பெட்டியைத்தான் வரைந்து கொண்டுவந்தாள். நான் அதைப் பார்த்துவிட்டு, "இது எங்க லயத்துக்கு ஆகாது" என்றேன்.

"ஏன்?"

"உங்க வாப்பாகிட்ட கால் ராத்தல் வாங்குறோம். மேல எங்க லயத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பனியில பேப்பர் நனைஞ்சு பாதி கட்டியாகிப் போகுது. மீதிய அவுத்தா வாசம் பன்னெண்டு வீட்டுக்கும் போகும். ஆளுக்கு ஒரு கரண்டி கேட்டு வருவாங்க. குடுக்காம இருக்க முடியுமா? நாளைக்கு நாமளும் போய் நிக்கணுமே. நாலு பேர் கை போட்டு அள்ளுனா, அடுத்த காய்ச்சலுக்குக் காகிதம்தான் மிஞ்சும்."

இது அவளுக்குப் புதிது. டவுனில் அவரவர் வீட்டுக் கதவு அவரவருக்கு. லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் வாழ்கிறோம். கைமாற்று கேட்பதும் கொடுப்பதும் அங்கே வெட்கப்படுகிற காரியம் இல்லை. ஒரு முட்டை, ஒரு நெருப்புக்குச்சி, ஒரு கரண்டி மல்லித்தூள். வாங்கியதை வாங்கிய அளவிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுதான் வழக்கம். ஆனால் கரண்டிக்குக் கரண்டி அளவு மாறுமே! அதில்தான் பெரிய பெரிய சண்டைகள் வரும். எங்கள் அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் ஒரு கரண்டி மல்லிக்காக மூன்று மாதம் பேசாமல் இருந்தது உண்மை.

அவள் கேட்டாள்: "அப்ப ஒரு கரண்டிய ஒரு பொட்டலமாக் கட்டினா?"

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் வந்துவிட்டது. ஒரு கோப்பைக்கு ஒரு பொட்டலம். திறந்தால் அன்றைக்கே தீர்ந்துவிடும், மிச்சம் கெட வழியில்லை. கைமாற்றுக் கொடுத்தால் முழுப் பொட்டலமாகக் கொடுக்கலாம், முழுப் பொட்டலமாகவே திரும்பி வரும். கொழுந்து எடுக்கும் பெண்கள் மடியில் செருகிக்கொண்டு மலைக்குப் போய், பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் சுடுதண்ணியில் கொட்டிக் குடிக்கலாம். எனக்கு அன்றைக்கு மேட்டில் ஏறியதே தெரியவில்லை, லயத்துக்கு ஓடியே போனேன்.

பேப்பர் பனிக்குத் தாங்காது. ஈயத்தாள் தாங்கும். தேயிலை இங்கிலாந்துவரை கடலில் போயும் நமத்துப்போகாமல் இருப்பது அதனால்தானே. பெட்டியின் வாயில் தாளை மடித்த பிறகு ஓரத்தில் மிஞ்சுவதை அப்பா கத்தியால் நறுக்கிவிடுவார். மூன்று விரல் அகலத்தில் நீள நீளமான துண்டுகள். கூட்டித் தள்ளுகிற குப்பைதான். இருந்தாலும் அப்பா அப்பாதான். ஸ்டோர்க் கணக்கப்பிள்ளையிடம் போய், "பள்ளிக்கூடப் பாடத்துக்குப் புள்ள கேக்குதுங்க, அந்த நறுக்குன துண்ட எடுத்துக்கலாங்களா?" என்று முறையாகக் கேட்ட பிறகுதான் ஒரு சாக்குத் துண்டில் கட்டிக் கொண்டுவந்தார்.

மூன்று விரல் அகலத்தில் பை எப்படிச் செய்வது? அதற்கே ஒரு வாரம் போனது. கடைசியில் இரண்டு துண்டுகளை முதுகோடு முதுகாக வைத்து, இரண்டு பக்கமும் மடித்து, ஒல்லியாக, நீளமாக ஒரு பொட்டலம் வந்தது. பொதி அந்த உருவத்துக்கு வந்ததற்குக் காரணம் எங்கள் ரசனை இல்லை. கையில் இருந்த தாள் அவ்வளவுதான். ஒட்டுவதற்குக் கஞ்சிப் பசை போட்டோம், கரப்பான் தின்றுவிட்டது. பிறகு கூட்டாளி மெழுகுதிரியை ஓரத்தில் தேய்த்து, மடித்து, கரி இஸ்திரிப் பெட்டியின் விளிம்பால் அழுத்திப் பார்த்தாள். பிடித்துக்கொண்டது. எங்கள் கூரை ஓரத்தில் ஒரு வாரம் பனியில் தொங்கவிட்டுப் பிரித்தோம். உள்ளே தூள் பொலபொலவென்று இருந்தது. நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

கிழிக்கிற ஓட்டைகள் வந்த கதை வேறு. பொட்டலங்களை நறுக்காமல் சரமாகவே விட்டால் கடையில் தொங்கவிடலாம் என்று நான் சொன்னேன். ஆனால் ஒன்றைக் கிழித்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து கிழிந்தது. ஒரு சனிக்கிழமை அவள் வீட்டில் உம்மாவின் தையல் மெஷினில் அவள் எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். நூல் தீர்ந்தது தெரியாமல் மிதித்துக்கொண்டே போயிருக்கிறாள். துணியில் வரிசையாக ஓட்டைகள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். உடனே சரத்தை எடுத்து, பொட்டலத்துக்கும் பொட்டலத்துக்கும் நடுவில் நூல் இல்லாத ஊசியை ஓட்டினோம். தபால் முத்திரை மாதிரி அழகாகக் கிழிந்தது. ஊசி மட்டும் மழுங்கிப்போனது.

"ஊசி கிடைக்காத காலத்துல என்ட ஊசியத் தின்னுட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று உம்மா சத்தம் போட்டார். பிறகு ஒரு பொட்டலத்தைக் கிழித்துப் பார்த்தார். இன்னொன்றைக் கிழித்தார். "சரி சரி, மத்த ஊசியையும் எடுத்துக்கங்க, மகள்" என்றார்.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையில் துக்கம் எதுவும் இருந்திருக்காது. நான்தான் அகலக் கால் வைத்தேன்.

எங்கள் சரம் பதுளைக்குத் தேர்வாகிவிட்டது. ஆனால் டீச்சர் மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா தூரத்துல இருந்து பாத்தா கண்ணுக்குப் படல்லியே" என்றார். அவர் சாதாரணமாகச் சொன்ன சொல். எனக்கு அது முள்ளாகக் குத்தியது. அதே பொட்டலத்தை ஆள் உயரத்துக்கு ஒன்று செய்து மேசைக்குப் பின்னால் நிறுத்தினால் பதுளையே திரும்பிப் பார்க்கும் என்று எனக்குள் ஒரு பேராசை. அதற்கு மூன்று விரல் துண்டு போதாது. முழுத் தாள் வேண்டும்.

கேட்டால் அப்பா தரமாட்டார். அதனால் நான் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவது நான்தான். அன்று நல்ல மழை. அப்பா கைகழுவப் போன நேரம், சுவரோரம் அடுக்கியிருந்த தாள்களில் மேலே இருந்த ஒன்றைச் சுருட்டி, தலையில் போட்டிருந்த கம்பளிக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மேட்டில் ஏறும்போது கம்பளிக்குள் அது சரசரவென்று சத்தம் போட்டது. மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கூட்டாளியிடம், அப்பா தந்தார் என்று பொய் சொன்னேன். அவளும் நம்பி, தாளை வெட்டாமல் மடித்தே பெரிய பொட்டலத்தைச் செய்து முடித்தாள்.

தாள் எண்ணித்தான் வரும் என்பது எனக்குத் தெரியும். தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பெட்டி என்று கணக்கு. ஆனாலும் ஒன்று குறைந்தால் யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அப்பா வேலைவிட்டு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்தார்.

"ஒரு தாள் கொறையுது" என்றார் அம்மாவிடம். "நாலு தரம் எண்ணிட்டேன்."

"எங்கயாவது ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு இருக்கும், நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன். கணக்கப்பிள்ளை சொல்லிட்டாரு, மாசம் முடியறதுக்குள்ள தாள் வரணுமாம். வரலேன்னா என்னைய ஸ்டோர்ல இருந்து எடுத்து மலைக்கு விட்டுருவாங்களாம்."

நான் உள்ளே விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். தாளில் ஒரு மடிப்பு விழுந்திருக்கும், அவ்வளவுதான், திருப்பிக் கொடுத்திருக்கலாம். சொன்னால் என் பெரிய பொட்டலம் போய்விடும். கண்காட்சி முடியட்டும், பிறகு பிரித்து நீவிக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். இதை எழுதும்போதுகூட எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

கண்காட்சி பதுளையில் ஒரு பெரிய பள்ளிக்கூட மண்டபத்தில். ஊவா மாகாணத்தின் நாலா பக்கமிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பசறையிலிருந்து பஸ்ஸில் வளைவுக்கு வளைவு பெரிய பொட்டலத்தை மடியில் கிடத்திப் பிடித்துக்கொண்டு வந்தோம். மேசையில் எங்கள் சரங்களைத் தொங்கவிட்டு, பெரியதைப் பின்னால் நிறுத்தியதும், நான் நினைத்தபடியே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹல்துமுல்லையிலிருந்து வந்த பிள்ளைகள் தங்கள் மேசையை விட்டுவிட்டு எங்கள் மேசையில் நின்றார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை.

அப்பா அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் வேலை முடித்துவிட்டு, தன்னிடமிருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் வரவேண்டாம் என்று எத்தனையோ சாக்குச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மகள் செய்ததைப் பார்க்காமல் இருப்பாரா? சரியாக அவர் கதவுக்குள் நுழைகிற நேரத்தில், அழைப்பின்பேரில் வந்திருந்த பெரியவர்கள் கூட்டமாக எங்கள் மேசைக்கு வந்தார்கள். அதில் எங்கள் தோட்டத்தை நடத்துகிற துரையும் இருந்தார். அவர் வருவார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

பொதியைப் பார்க்க வந்த நடுவர்களில் ஒரு அம்மா சரத்திலிருந்து ஒரு பொட்டலத்தைக் கிழித்தார், சிரித்தார், இன்னொன்றைக் கிழித்தார். துரை சரத்தைப் பார்க்கவில்லை. பெரிய பொட்டலத்தைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். அது எந்தத் தாள் என்று அவருக்குத் தெரியாதா?

"இது நம்ம ஸ்டோர் தாள். முழுத் தாள். எப்படி இங்கே வந்தது?" என்றார் தோட்டத்துத் தமிழில். அவர் கண் மண்டபத்தைச் சுற்றி வந்து கதவருகே நின்ற அப்பாமேல் விழுந்தது. "நீ இங்கே வா."

அப்பா வந்தார். துரைக்கு முன்னால் நிற்கும்போது எப்போதும் செய்வதுபோல் மூன்றடி தள்ளி நின்றார். பெரிய பொட்டலத்தைப் பார்த்தார். காணாமல்போன தாள் எது என்பது ஒரே பார்வையில் அவருக்குப் புரிந்துவிட்டது. என்னை அவர் பார்க்கவேயில்லை.

"நான்தாங்க குடுத்தேன், தொரை" என்றார்.

வாழ்க்கையில் என் அப்பா சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது. அத்தனை நாள் பூட்டி வைத்த வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இல்லீங்க! அப்பாவுக்குத் தெரியாது. சோறு கொண்டுபோனப்ப நான்தான் திருடினேன். அப்பா நாலு தரம் எண்ணிப் பாத்தாரு, அப்பவும் நான் சொல்லலீங்க."

திருடினேன் என்ற சொல்லை மண்டபமே கேட்டது. டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். துரை சரங்களைக் காட்டி, "அப்போ இதுவும்?" என்றார்.

அப்போதுதான் என் கூட்டாளி, 'நீ பேசு, நான் செய்றேன்' என்று ஒப்பந்தம் போட்டவள், முதல்முதலாக வாயைத் திறந்தாள். ஒரு பொட்டலத்தை எடுத்து மெழுகை நகத்தால் கீறி, இரண்டு துண்டையும் பிரித்து மேசைமேல் விரித்தாள்.

"இது எல்லாம் மூணு விரல் அகலம், சேர். பெட்டி மூடினதுக்குப் பொறகு நறுக்கிப் போடுற துண்டு. கணக்கப்பிள்ளைக்கிட்டக் கேட்டு எடுத்தது. அளந்து பாருங்க, எந்தப் பொட்டலத்தையும் பிரிச்சுப் பாருங்க. முழுத் தாள்ல வெட்டியிருந்தா நாங்க ஏன் ரெண்டு துண்ட ஒட்டிக் கஷ்டப்படணும்?"

துரை தன் மூன்று விரல்களைத் துண்டின்மேல் வைத்தார். பிறகு வேறு சரத்திலிருந்து ஒன்றை எடுத்துப் பிரிக்கச் சொன்னார். அதையும் அளந்தார். நடுவர் அம்மா குனிந்து பார்த்து, "அப்ப குப்பையிலேருந்தா இத்தனையும்?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். அந்த ஒரு பதிலைச் சொல்வதற்கு மட்டும் எனக்கு வெட்கமில்லை. துரை பெரிய பொட்டலத்தை எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு, "திங்கட்கிழமை ஆபீஸ்" என்று சொல்லிப் போய்விட்டார்.

எங்களுக்குப் பரிசு இல்லை. திருட்டு என்ற சொல் விழுந்த மேசைக்கு யார் பரிசு கொடுப்பார்கள்? முதல் பரிசு கித்துள் பாணி என்கிற இனிப்புப் பாகு ஊற்றிய ஒரு மூங்கில் குழலுக்குப் போனது. அந்தக் குழல் அடியில் ஒழுகியது, மேசைத்துணியில் எறும்பு ஏறியதை நான் கண்ணால் பார்த்தேன். நடுவர் அம்மா மட்டும் போகும்போது எங்களிடம் கேட்டு ஒரு முழுச் சரத்தை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அழுதுகொண்டே வந்தேன். இரண்டு வளைவு தாண்டியதும், "கேட்டிருக்கலாம்ல, புள்ள" என்றார்.

"கேட்டா குடுத்திருப்பீங்களாப்பா?"

"குடுத்திருக்க மாட்டேன்."

அப்பா கோட்டுப் பையிலிருந்து ஒரு சரத்தை எடுத்தார். எப்போது எடுத்து வைத்துக்கொண்டாரோ தெரியாது. அதை விரலில் தட்டிப் பார்த்தார். தூள் எல்லாப் பொட்டலத்திலும் ஒரே மட்டத்தில் நின்றது.

"குலுக்கி நெரப்புனீங்களா?"

"ஆமாப்பா. மேசையில தட்டித் தட்டி. இல்லாட்டி வளைவுல எல்லாம் அமுங்கி, பாதி காலியாத் தெரியும்ல."

"இந்த ஓட்ட எப்பிடி இவ்வளவு நேரா வந்துச்சு?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு நூல் இல்லாத ஊசியின் கதையைச் சொன்னேன். பசறை வரும்வரை கேள்விமேல் கேள்வி கேட்டார். எந்த மெழுகு, எவ்வளவு சூடு, எத்தனை நாள் பனியில் வைத்தீர்கள். என் வயதிலிருந்தே பெட்டி கட்டி வந்தவர், வேறொரு பெட்டி கட்டுகிறவரிடம் விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். அன்றைக்கு எனக்கு இருந்த அவமானத்துக்குள்ளும் அது ஒரு பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை இரண்டு உத்தரவு வந்தது. ஒன்று அப்பாவுக்கு. தாளுக்குப் பொறுப்பானவர் தாளைப் பார்த்துக்கொள்ளவில்லை, அதனால் ஸ்டோரிலிருந்து நீக்கி மலை வேலைக்கு. இன்னொன்று பள்ளிக்கூடத்துக்கு. ஸ்டோரில் நறுக்கிப் போடுகிற துண்டுகளை வாரா வாரம் தொழிற்பாட வகுப்புக்குக் கொடுக்கலாம். இரண்டிலும் ஒரே துரையின் கையெழுத்து. அப்பா, "தொரை ஞாயமாத்தான் செஞ்சிருக்காரு" என்றார். நான் அதை அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. திருடியது நான். என்னைப் பிரம்பால் அடித்திருக்கலாம், பள்ளியை விட்டு நிறுத்தியிருக்கலாம். நானே ஆபீஸ் வாசலில் போய் நின்று அப்படிச் சொன்னேன். காவல்காரர் உள்ளே விடவில்லை.

அடுத்த நாள் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்தபோது, அப்பாவின் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். கான் வெட்டுகிற வேலை. தேயிலை வரிசைகளுக்கு நடுவே மழைத்தண்ணி ஓடுகிற வாய்க்காலைத் தோண்டிச் சுத்தம் பண்ண வேண்டும். வெளுத்த சட்டையை அம்மா பெட்டியில் மடித்து வைத்தார். பிறகு இரண்டு தடவை அப்பா ஸ்டோர் வேலை கேட்டுப் பார்த்தார். இடமில்லை என்றார்கள். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

வகுப்பில் நாங்கள் சரம் செய்துகொண்டே இருந்தோம். செய்யாமல் விட்டால் அப்பா இழந்தது வீணாகிப்போகும் என்று எனக்கு ஒரு வெறி. வெள்ளிக்கிழமை பாடம் முடிந்து வகுப்பே உட்கார்ந்து மடிக்கும். உம்மா தூள் இடித்துத் தருவார். கூட்டாளியின் வாப்பா கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கவிட்டார். முதல் வாரம் யாரும் தொடவில்லை. பிறகு பனிக்காலம் வந்தது. சம்பள நாளில் தோட்டத்துப் பெண்கள் சரத்தைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். எங்கள் அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் இப்போது பொட்டலத்துக்குப் பொட்டலம் கைமாற்றிக்கொண்டார்கள், சண்டைக்கு இடமில்லாமல் போய்விட்டது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் கேட்டு வந்தார்கள். எங்கள் பொதியைப் பார்த்து வேறு கடைக்காரர்களும் மிளகுத்தூளைச் சின்னச் சின்னதாகக் கட்டத் தொடங்கினார்கள். அவர்களுடையதில் ஓட்டை கோணல்மாணலாக இருக்கும்.

டிசம்பர் லீவில் ஒரு நாள் அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். மழையும் பனியும் கலந்து பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. பத்து மணி. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். தோட்டத்தின் வேறு டிவிசனில் இருந்து உதவிக்கு வந்தவர்களும் இருந்தார்கள். அதில் ஒரு அக்காவுக்கு விடாத இருமல். யாரோ ஒரு பொட்டலத்தைக் கொடுத்திருக்கிறார்கள். கொழுந்துக் கறையும் ஈரமுமான விரல்களில் அது வழுக்கியது. பல்லால் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா கானிலிருந்து மேலே ஏறி வந்தார். முழங்கால்வரை சேறு, முதுகில் சாக்கு. கைகளை மழைத்தண்ணியில் கழுவி, சாக்கில் துடைத்துவிட்டு, "இங்க குடுங்க, தாயி" என்று வாங்கினார். ஓட்டைகள் இருந்த ஓரத்தைக் கட்டைவிரலால் மெல்ல மடக்கி, ஒரே இழுப்பில் கிழித்து, அந்த அக்காவின் கோப்பையில் தட்டிக் கொட்டினார். ஒரு துளிகூடச் சிந்தவில்லை. வாசம் மடுவம் முழுக்க எழுந்தது.

"அடடா, நல்லாப் பண்ணியிருக்கானுங்களே" என்றார் அந்த அக்கா. "எந்தக் கம்பனிச் சாமானுங்க இது?"

நான் தேத்தண்ணிப் போத்தலோடு அப்பாவுக்குப் பின்னால் நின்றேன். நான் வந்தது அவருக்குத் தெரியாது.

"கம்பனி இல்லீங்க" என்றார் அப்பா, நிமிர்ந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "எம் மக செஞ்சது."